தாழ்ப்பாள்

தண்ணீர் வண்டி சனிக்கிழமைதான் வரும்.
இன்று புதன்.
எனக்கு அது தெரியும். என் உடம்புக்குத் தெரியவில்லை.

விடுதியின் எட்டாம் அறை.
ஆறு கட்டில், ஓர் அடுப்பு,
சன்னல் கண்ணாடியின் உட்புறத்திலும் உறைபனி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கழிப்பறைக்கு நூற்றுப் பதினெட்டு எட்டு,
எண்ணியிருக்கிறேன்.
கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை.
ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு
உலகத்தின் மற்ற எல்லா வேலைகளையும்
இன்னொரு கையால் செய்ய வேண்டும்.

சிவப்பாக இருக்குமென்று கேள்விப்பட்டிருந்தேன்.
இது பழுப்பு. சேற்று நிறம்.
உள்ளே ஏதோ அழுகிவிட்டது,
குட்டிகள் பிறக்கும் மாதத்துக்குள்
செத்துப்போவேன் என்று கணக்குப் போட்டேன்.

ஆடுகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்.
எது எப்போது சினைப்படும்,
நஞ்சுக்கொடி விழ எவ்வளவு நேரமாகும்,
மூச்சுவிடாத குட்டியின் மூக்கை எப்படித் துடைப்பது.
இத்தனை தெரிந்தவள்
தன்னைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை.

உயிரியலில் நாற்பத்தோராம் பக்கத்தை
"வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டினார் ஆசிரியர்.
வீடா?
அது எண்பது கிலோமீட்டர் தள்ளி
ஒட்டகத்தின் முதுகில் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

ஹோங்கோர்சுல்லுக்குப் போன மாதமே வந்துவிட்டதாம்.
கால்சட்டைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் ஐந்து நாள் இருந்திருக்கிறாள்.
அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில்
ஆறு தலைகளும் நாற்பத்தோராம் பக்கத்தின் மேல்.
கருப்பையின் படம் கிடாயின் தலைபோல இருந்தது,
இருபுறமும் கொம்பு வளைந்து.
"இதுவா எனக்குள்ளே?"
"முட்டாது, பயப்படாதே."
வயிற்றுவலியோடு சிரித்தேன், இரண்டும் ஒரே இடத்தில்.

பழுப்பு என்பது மெதுவாக வந்த இரத்தம்தான்.
முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி தவறும்.
துணியைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும்,
சுடுநீர் கறையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
நாலைந்து மணி நேரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும்.
எதில் அலச?
ஆளுக்கொரு குவளை கொடுத்தார்கள், அவரவர் பங்கிலிருந்து.
துங்கலாக் மட்டும் தரவில்லை.
தலைக்குக் குளிக்க வேண்டும் என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையும் உடம்புதானே.

அலசிய துணி கொடியில் பலகையாக விறைத்தது.
தட்டினால் சத்தம் வந்தது.
வெயில் அதன்மேல் இரண்டு நாள் விழுந்தது.

கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளுபவன் ஒச்சிர், எங்கள் வகுப்பு.
இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு இரண்டு குரல்.
"இன்னொரு வாளி" என்பதை அப்பாவாகத் தொடங்கி
"வேண்டுமா" என்பதைக் குழந்தையாக முடித்தான்.
நான் சிரித்துவிட்டேன்.
அவன் மோவாயில் இருந்த பருக்கள்கூடச் சிவந்தன.
வாளியை வைத்துவிட்டுப் போனான்.
பையன்கள் அவன் பூட்ஸ் நாற்றத்துக்கு
ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
கொதிகலன் ஓரம் தினமும் காலுறை துவைத்துக் காயப்போடுகிறான்,
யாரும் வராத நேரம் பார்த்து.
எனக்கும் அக்குளில் புதிதாக ஒரு வாசனை,
வெங்காயம் போல.
அவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாழ்ப்பாளுக்கு ஆணி கேட்டேன்.
எதற்கு என்று கேட்காமல் நான்கு தந்தான்.
"இரும்புத் தாழ் வேண்டாம்,
இந்தக் குளிரில் விரல் ஒட்டிக்கொள்ளும்" என்றான், ஒரே குரலில்.
கூடாரக் கூரையின் ஒடிந்த கழியைச் சீவி
நானும் ஹோங்கோர்சுல்லும் பொருத்தினோம்.
கோணல்தான்.
தூக்கிக் குத்தினால்தான் விழும்.

முதலில் உள்ளே போனவள் துங்கலாக்.
வெகு நேரம் வரவில்லை.
கதவைத் தட்டினோம்.
"இரண்டு கையும் சும்மா இருக்கிறது" என்று
உள்ளிருந்து கத்தினாள்.

ஏப்ரலில் மறுபடி எண்ணினேன்.
நூற்றுப் பதினொன்று.
பனி உருகி வழி நேரானதாலா,
கால் நீண்டதாலா, தெரியவில்லை.
கால்சட்டை மட்டும்
கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.